பதிவேட்டின் பதினேழாம் பக்கம்

இந்தத் தாளில் இன்னமும் கருவாட்டு மணம் இருக்கிறது. அதனோடு மெழுகுதிரி மணமும் கலந்திருக்கிறது. மேசைமேல் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு புளியங்கொட்டைகளைப் பாரமாக வைத்த பின்னரே உங்களுக்கு எழுதத் தொடங்குகிறேன். நீங்கள் காலமாகி நாற்பது நாள் கடந்துவிட்டதென்று உங்கள் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். அவர் முள்ளிவாய்க்காலிலிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, சனசமூக நிலைய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கையில் ஒரு செபப் புத்தகம்.

"இதுக்குள்ளை கிடந்தது அம்மா. எனக்கு வாசிக்கத் தெரியாது. உங்கடை நிலையத்தின்ரை சீல் கிடக்குதெண்டு மகள் சொன்னவள். அதுதான் கொண்டு வந்தனான்."

முதலில் நான் அவரைத்தான் சந்தேகித்தேன். ஒரு தாளைக் கொடுப்பதற்காக இவ்வளவு தொலைவு வருவார்களா? எதையாவது கேட்க வந்திருப்பார் என்று எண்ணி, கதிரையில் இருக்கச் சொல்லாமலே காத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. செம்பிலே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு எத்தனை மணி என்று மட்டும் விசாரித்தார்.

இரண்டாவதாக, இந்தத் தாளைச் சந்தேகித்தேன். அலுமாரியைத் திறந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய விபத்துப் பதிவேட்டை எடுத்தேன். பதினாறாம் பக்கத்துக்கும் பதினெட்டாம் பக்கத்துக்கும் நடுவே விரலகலக் கிழிசல் ஒன்று நூற்கட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் விளிம்பிலே உங்கள் மனைவி தந்த தாளைப் பொருத்திப் பார்த்தேன். பல்லும் பல்லும் சேர்ந்தன. தாளுக்கு ஒன்றாக நான் சிவப்பு மையால் இட்ட இலக்கங்களில், பதினேழின் வால் கிழிசலிலும், தலை உங்கள் தாளிலுமாக இருந்து, ஒன்றாயின. அதன் பிறகும் வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்தேன். என் இயல்பு உங்களுக்குத் தெரியாததன்று.

நீங்கள் எங்கள் குளத்துக்கு நீர்க்காவலராக வந்தபோது ஊரார் உங்களைத் தண்டயல் என்றே அழைத்தனர்; முல்லைத்தீவுக் கரையிலே படகோட்டிய காலத்துப் பட்டம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து காணி பெற்று வந்த எங்களுக்கு நெல் தெரியும், கிணறு தெரியும். இத்தனை பெரிய குளம் தெரியாது. குளிக்குமிடத்திற் படிக்கட்டும், குதிப்பதற்கு ஒரு மரப் பரணும் அமைத்து, ஆண்டுதோறும் நீச்சற் போட்டியும் நடத்துவதென்று நிலையம் தீர்மானித்தபோது, காவலுக்கு நீந்தத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். தலைவர் உங்களைக் கொண்டுவந்தார். உதவிச் செயலாளராகிய நான், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வாசிகசாலைப் பத்திரிகைகளிலிருந்தே தமிழ் கற்றவள், உங்களுக்கான விதிகளை எழுதினேன்.

அந்த விதிகளை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். நீரில் ஆபத்து நேரும் பட்சத்திற் காவலர் தமது அரையிற் கயிற்றைப் பிணைத்துக்கொண்டு இறங்குதல் வேண்டும். கரையில் நால்வர் கயிற்றின் மறுதலையைப் பற்றி நிற்றல் வேண்டும். மருதமரத்திற் கட்டப்பட்டுள்ள தண்டவாளத் துண்டு, ஊரார் கூடும்வரை இடைவிடாது அடிக்கப்படுதல் வேண்டும். நிகழ்ந்தது யாதாயினும் அன்றைய தினமே பதிவேட்டில் எழுதப்படுதல் வேண்டும். எழுதிய பக்கம் எக்காரணங் கொண்டும் கிழிக்கப்படலாகாது.

நான் வாசித்து முடித்ததும் நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள்.

"செயலாளர் அம்மா, உதை வாசிச்சு முடிக்கமுந்தி ஆள் செத்துப்போவான்."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றே உங்கள்மீது என் சந்தேகக் கண் விழுந்தது.

இன்று எண்ணிப் பார்க்கையில், எதைத்தான் நான் சந்தேகிக்கவில்லை? பதிவேட்டில் நாள்தோறும் "ஒண்டும் நடக்கேல்லை" என்று எழுதினீர்கள். ஒன்றும் நடவாத குளமும் உலகில் உண்டோ என்று ஐயுற்று, படிக்கட்டிற் குளிக்க வரும் பெண்களிடம் தனித்தனியே விசாரித்தேன். ஒருத்தி படியில் வழுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டதாகச் சொன்னாள். மறுநாள் உங்கள் காவற் கொட்டிலுக்கு வந்து, நூலிற் கட்டித் தொங்கிய பதிவேட்டைத் தட்டிக் காட்டினேன்.

"முழங்கால் தேஞ்சதையும் எழுதுறதோ?"

"எழுதுதல் வேண்டும்."

"அப்ப எருமை சாணி போட்டதை?"

"அது விபத்தன்று."

"அதிலைதான் அம்மா அவள் வழுக்கினவள்!"

கயிற்றையும் அளந்தேன். விதியிற் கூறப்பட்ட நீளத்துக்கு இரண்டு முழம் குறைவாக இருந்தது. எங்கே போயிற்று அந்த இரண்டு முழம் என்று கேட்டேன். முடிச்சுக்குள் போயிற்று என்றீர்கள். நம்பாமல், முடிச்சை அவிழ்க்கச் சொல்லி அளந்தேன். சரியாகவே இருந்தது. நீங்கள் மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டே எதையோ முணுமுணுத்தீர்கள். அது உங்கள் மாதாவுக்கான செபமா, எனக்கான வசவா என்று இன்றுவரை தெரியாது.

பின்னேரங்களில் நீங்கள் ஆட்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தீர்கள். தேங்காய் ஒன்றை ஆழத்தில் எறிந்து, "ஆள் தாழுது! பிடி!" என்று கத்திக்கொண்டு இறங்குவீர்கள். நால்வர் கயிற்றை இழுக்க, நீங்கள் தேங்காயை நெஞ்சோடு அணைத்தபடி படிக்கு வருவீர்கள். ஊர் கை தட்டும். அத்தேங்காய்கள் பின்னர் எங்கே போகின்றன என்பதையும் நான் ஆராய்ந்தேன். அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆண்டுச் சிறுபோகத்தில், கோடை நெல் விளையும் காலத்தில், மழை பொய்த்தது. குளத்து நீர் இறங்கி, வயல்களுக்கு முறை வைத்தே தண்ணீர் விட்டார்கள். முறை வருவதை ஊருக்கு அறிவிப்பதும் அதே மருதமரத்துத் தண்டவாளந்தான். மூன்று அடி, சற்று நிறுத்தி மீண்டும் மூன்று அடி. அடித்தால், குளத்துக்குள் நிற்கும் மதகுக் கோபுரமான துருசு திறந்துவிட்டது என்று பொருள். மதகிலிருந்து வரும் தண்ணீரைத் தன் வரம்புக்குத் திருப்ப ஒவ்வொருவரும் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடுவார்கள். பிந்தினால் மேற்காணிக்காரன் மறித்துவிடுவான். நீர்ப்பாசனத் தொழிலாளி துருசைத் திறந்துவிட்டு வந்து சொல்ல, நிலையத்தில் இருக்கும் நானே அடிப்பேன். இரண்டு மாதமாக அந்தப் பணி என் கையில் இருந்தது. பொறுப்பான பணி ஒன்றைப் பிறரிடம் கொடுக்க நான் விரும்புவதில்லை.

நீச்சற் போட்டியைத் துருசடியில் வைக்க வேண்டாமென்று கூட்டத்தில் நீங்கள் சொன்னீர்கள்.

"கீழை சேறும் தாமரைக் கொடியும். தண்ணி இறங்கினதாலை கொடியெல்லாம் மேலுக்கு வந்திட்டுது. கால் பின்னும்."

"அங்கை வைச்சாத்தான் அணைக்கட்டிலை நிண்டு சனம் பாக்கலாம்," என்றார் தலைவர்.

வேலைக்கு அஞ்சிய பேச்சென்று நான் எண்ணினேன். கூட்டக் குறிப்பில் உங்கள் மறுப்பை எழுதவுமில்லை. அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

போட்டி நாள். அணைக்கட்டு முழுவதும் சனம். ஏழு பேர் பரணிலிருந்து குதித்தார்கள். துருசைச் சுற்றித் திரும்பியவர்கள் ஆறு பேர். பரமுவின் தலையைக் காணவில்லை. நெல் ஆலையில் மூட்டை தூக்கும் பரமு, அவ்வளவு பலசாலி. முதலில் யாவரும் சிரித்தார்கள், பகிடி விடுகிறான் என்று. உங்கள் விசில் ஒலித்தது. நீங்கள் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினீர்கள். நான் மருதமரத்துக்கு ஓடினேன்.

என் முழுப் பலத்தோடு அடித்தேன். சனம் எழுந்தது. ஆனால் படிக்கட்டை நோக்கி வரவில்லை. அணைக்கட்டிலிருந்து மறுபுறமாக இறங்கி, வயற் பக்கம் ஓடிற்று. கயிறு பிடிக்கப் பயிற்றப்பட்ட நால்வரும், நீந்தி முடித்துக் கரையேறிய அறுவரும் ஓடினர். "என்ரை வரம்பு திறந்து கிடக்கடா!" என்று ஒருவன் கத்திக்கொண்டு என்னைக் கடந்து போனான். ஆபத்தைக் கண்டு மிரண்டுவிட்டார்கள், பயிற்சி சரியில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக அடித்தேன். கை மரத்துப்போகும் வரை அடித்தேன்.

நான் படிக்கட்டுக்கு வந்தபோது நீங்கள் கயிறில்லாமல் இறங்கியிருந்தீர்கள். கயிறு படியிற் சுருண்டு கிடந்தது, பிடிக்க ஆளில்லை. ஒருமுறை மூழ்கி வெறுங்கையோடு வந்தீர்கள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை கத்தியை வாயிற் கவ்விக்கொண்டு போனீர்கள். நான்காம் முறை பரமுவின் தலைமயிரைப் பற்றிக்கொண்டு மேலே வந்தீர்கள். அவ்வளவு பெரிய உடம்பைத் தனியே படிக்கு ஏற்ற உங்களால் முடியவில்லை. நானும், குளிக்க வந்த இரண்டு பெண்களும் சேர்ந்து இழுத்தோம். குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினீர்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவன் இருமியபோது நீங்கள் அழுதீர்கள்; தண்ணீர் வழிகிறதென்றே நான் எண்ணினேன். வாசிகசாலையின் நீண்ட மர வாங்கில் அவனைக் கிடத்தி, லொறியில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பினான். ஆயினும் மூச்சின்றிக் கிடந்த நேரம் அதிகமாகிவிட்டது என்றார் வைத்தியர். இன்றும் பரமு ஒரு சொல்லைச் சொல்ல நெடுநேரம் அதைத் தேடுகிறான்.

மறுநாள் பதிவேட்டைப் பார்வையிட வந்தேன். பதினேழாம் பக்கம் இல்லை. பதினெட்டாம் பக்கத்தில் உங்கள் கையெழுத்து: "பின்னேரம் நீச்சலிலை பரமு தண்ணிக்குள்ளை தாண்டவர். எடுத்தாச்சு. சுகம்." அவ்வளவே. அடித்த நேரமில்லை, ஆட்கள் வராத காரணமில்லை.

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. நூலிற் கட்டிய பதிவேட்டை அவிழ்த்து, கையோடு எடுத்துக்கொண்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். "காவலர் தமது குற்றத்தை மறைக்கும் பொருட்டு உத்தியோகப் பதிவேட்டின் பக்கமொன்றைக் கிழித்தெறிந்துள்ளார்" என்று இரண்டு பிரதிகளில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு பெருமிதமும் இருந்தது.

விசாரணை வாசிகசாலையில் நடந்தது. அணைக்கட்டில் நின்றவர்களைத் தலைவர் ஒவ்வொருவராகக் கேட்டார். "நாங்கள் அப்பவே வீட்டை போயிட்டம்" என்றார்கள். "எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றார்கள். மூழ்குகிறவனை விட்டு வரம்புக்கு ஓடினோம் என்று எவர் சொல்வார்? அவர்களுடைய வெட்கத்தை நான் அன்று அறியவில்லை. ஆள் வராததற்கு உங்கள் பயிற்சிக் குறைவே காரணம் என்று எழுதிக்கொண்டேன். தண்டவாளத்தை விதிப்படி இடைவிடாது அடித்ததாக நான் சாட்சி சொன்னேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் முழுமனதோடு நம்பினேன்.

பிறகு உங்கள் முறை.

"பக்கத்தை ஏன் கிழிச்சனீர்?" என்றார் தலைவர்.

"பிழையாய் எழுதுப்பட்டுப் போச்சு ஐயா."

"என்ன பிழை?"

நீங்கள் கழுத்திலிருந்த விசிலைப் பற்றிக்கொண்டீர்கள். நான் எழுந்து, பிழையாக எழுதப்பட்டதைக் கோடிட்டு அடித்து ஒப்பமிடுவதே விதி, கிழிப்பது விதியன்று என்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமான பார்வையாக இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"விதி சரிதான் அம்மா," என்றீர்கள்.

"அப்ப நீர் வேலையை விடுறதுதான் நல்லம்," என்றார் தலைவர்.

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தீர்கள். ஒருமுறை துடைத்துவிட்டு வைத்தீர்கள். மறுநாட் காலை பஸ்ஸில் உங்கள் பெட்டியும் மனைவியும் பிள்ளையுமாகக் கரைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பதிவேட்டைக் கிழித்தவர் என்ற பெயர் உங்களுக்கு முன்னரே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். வேறெந்தக் குளத்திலும் உங்களைக் காவலுக்கு எடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நியாயந்தானே என்றிருந்தேன்.

இப்போது இந்தத் தாள். பென்சிலால் எழுதி, எச்சில் தொட்டு மீண்டும் அழுத்திய உங்கள் எழுத்து. விதிகளுக்கு ஒவ்வாத, உங்கள் வாய்ப்பேச்சுத் தமிழ். அதை நான் திருத்தாமல் அப்படியே இங்கே பெயர்த்தெழுதுகிறேன்:

"பின்னேரம். துருசடி. பரமு கொடியிலை காலை மாட்டினவர். விசில் ஊதினனான். தண்டவாளம் மூண்டு மூண்டாய் அடிச்சது. சனம் தண்ணி விட்டாச்செண்டு வாய்க்காலுக்கு ஓடிட்டுது. கயிறு பிடிக்க ஆளில்லை. நாலாந்தரம் எடுத்தனான். அடிச்சது செயலாளர் அம்மா. அவா பதறினவா. நானும் பதறினனான்."

இதனை முதன்முறை வாசித்தபோது, பொய் என்று உரத்துச் சொன்னேன். உங்கள் மனைவி நிமிர்ந்து பார்த்தார். நான் வெளியே போய் மருதமரத்தடியில் நின்றேன். தண்டவாளத் துண்டு துருவேறி அங்கேயே தொங்குகிறது. கம்பியை எடுத்தேன். ஆபத்து என்று மனதிற் சொல்லிக்கொண்டு, எண்ணாமல், கை போனபடி அடித்தேன். மூன்று அடித்துக் கை தானாக நின்றது. பின்னர் மீண்டும் மூன்று.

இரண்டு வீட்டுக்காரர் மண்வெட்டியோடு படலைக்கு வந்து எட்டிப் பார்த்தனர். "என்னக்கா, இண்டைக்கோ முறை?" என்று ஒருவர் கேட்டார். இல்லை, போங்கோ என்றேன்.

தண்டயல் அவர்களே, உங்களை முற்றாக நம்பிவிட்டேன் என்று எழுதினால் அது பொய்ம்மடலாகிவிடும். என் மனம் இன்னும் துருவுகிறது. என்னைக் காக்க நினைத்தவர் இத்தாளை அன்றே அடுப்பிலிட்டிருப்பார். என்னைக் குற்றஞ்சாட்ட நினைத்தவர் விசாரணை மேசையிலேயே வைத்திருப்பார். நீங்கள் இரண்டும் செய்யாமல், பன்னிரண்டு ஆண்டுகள் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தீர்கள். ஒருநாள் என்மீது வீசுவதற்காகவா? எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணை ஊரார் முன் தலைகுனிய வைப்பது உங்களுக்கு ஒப்பவில்லையா? அன்றி, அந்தக் கடைசி வரியை எழுதிய பின்னர், நானும் பதறினனான் என்று எழுதிய பின்னர், உங்களைப் பற்றியே உங்களுக்கு ஏதும் ஐயம் வந்ததா? கயிறில்லாமல் இறங்குவதற்கு முன் படியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? பாருங்கள், கேள்வி கேட்க மறுபடியும் தொடங்கிவிட்டேன். பதில் சொல்ல நீங்கள் இல்லாத இடத்தில்.

உங்கள் மனைவியைப் பஸ்ஸடிக்குக் கொண்டுபோய் விட்டேன். இம்முறை அவர் அருகே மதகுக் கட்டில் நானும் அமர்ந்தேன். இத்தாளைப் பற்றி அவர் எப்போதாவது உங்களைக் கேட்டதுண்டா என்று வினவினேன்.

"ஒருக்கால் கேட்டனான் அம்மா. வேலையும் போய், பேரும் போய், உந்தத் துண்டை ஏன் கட்டிக் காக்கிறியள், கொண்டுபோய்க் காட்டுங்கோவனெண்டு. அதுக்கு அவர் சொன்னவர், அந்த அம்மா வந்து கேட்டா குடுப்பனெண்டு."

"பிறகு?"

"பிறகென்ன. நீங்கள் கேக்கேல்லையே."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லையே என்பதுபோற் சொன்னார். பஸ் வந்தது. ஏறும்போது, "பரமு எண்ட பெடியன் சுகமோ?" என்று கேட்டார். வீட்டிலே அடிக்கடி நீங்கள் விசாரிப்பீர்களாம். சுகம் என்றேன். நீங்கள் பதினெட்டாம் பக்கத்தில் எழுதிய அதே சொல்.

இரவல் வாங்கிய கோதுமை மாவிற் பசை காய்ச்சி, பதினேழாம் பக்கத்தை அதன் கிழிசலோடு ஒட்டிவிட்டேன். நிலையக் குழுவுக்கு மடலொன்று எழுதியிருக்கிறேன்; அடித்தவர் யார், எப்படி அடித்தார், முறைப்பாடு எழுதியவர் யார் என்பவற்றை என் பெயரோடு. ஒரே பிரதிதான். அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்க வேறொருவரை விடமாட்டேன், நானே வாசிப்பேன். தண்ணீர் முறைக்கு இனித் தண்டவாளம் இல்லை. ஆலயத்துப் பழைய சேமக்கலத்தைக் கேட்டிருக்கிறேன். பரமுவிடம் போய் இப்பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவன் நெடுநேரம் தேடினான். "தண்டயல்... தலைமயிர்... நோகப் பிடிச்சவர்," என்றான். பிறகு சிரித்தான்.

புதிய பதிவேட்டுக்கு இன்று கோடு கீறினேன். நேரம், இடம், நிகழ்ந்தது, அடித்தவர், கயிறு பிடித்தவர் என்ற பழைய கட்டங்களோடு, கடைசியில் ஒன்றைக் கூட்டியிருக்கிறேன்: சம்பந்தப்பட்டவரிடம் காரணம் நேரிற் கேட்கப்பட்டதா? அதே கட்டத்தைப் பழைய பதிவேட்டின் பதினேழாம் பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையாற் கீறினேன். அதற்கு நேரே "இல்லை" என்று எழுதி, என் முழுப் பெயரையும் எழுதி, ஒப்பமிட்டேன்.